அட்டையில் 9999, உள்ளே ஏழு

ஜூன் எட்டு, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலு இருபது. கோவளத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற உனக்குக் காலையிலிருந்து பதினொரு முறை போன் அடித்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. அம்மா அடித்தால் மட்டும் இரண்டாவது ரிங்கில் எடுக்கிறாய். சரி, எழுதுகிறேன். போனில் டைப் அடிக்க எனக்கு நேரமாகும், அதனால் சுற்றி வளைக்க மாட்டேன். முடித்ததும் இதை நம் குடும்பக் குரூப்பில்தான் போடப்போகிறேன். மாமா, சித்தி, எல்லாரும் படிக்கட்டும். உனக்கு மட்டும் அனுப்பினால் திறக்காமலே வைத்திருப்பாய். குரூப்பில் போட்டால் யாராவது உன்னைக் கேலி செய்வார்கள், அதற்குப் பதில் சொல்லவாவது படிப்பாய்.

நடந்ததை அம்மா சொன்னாள். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்த்துக்கொள். நேற்று நீ வேலை செய்கிற ஓ.எம்.ஆர். மால் பொம்மைக் கடையில், வீடியோ கேம் பகுதியில், ஒரு பெண்மணி தன் பையனோடு வந்தார். பையனுக்குப் பிறந்தநாள். கையில் வைத்து விளையாடுகிற சின்ன கேம் பெட்டி ஒன்றை அவன் எடுத்தான். அட்டையில் நானூறு விளையாட்டு என்று போட்டிருந்தது. நீ போய், ‘மேடம், இதுல நானூறெல்லாம் இல்ல, எண்பதுதான், மீதியெல்லாம் அதே கேம்தான் பேரை மாத்திகினு வரும், இதைப் போய் யாராவது வாங்குவாங்களா’ என்று சொன்னாய். பையன் கடை நடுவில் நின்று அழுதான். அவர் மேனேஜரிடம் போனார். நாளைக் காலை பத்து மணிக்கு அவர் பையனோடு திரும்ப வருகிறார். நீ அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் கழுத்தில் தொங்கும் கார்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நீ ‘உண்மையைத்தானே சொன்னேன், சாரி சொல்ல மாட்டேன், கார்டைக் கழட்டி மேஜை மேல போட்டுட்டு வரேன்’ என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். வேலைக்குச் சேர்ந்து இது மூன்றாவது வாரம்.

அம்மா இதைச் சொல்லி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘இன்னாத்துக்கு சிரிக்கிற? புள்ளைக்கு வேலை பூடப்போவுது’ என்றாள். ‘எண்பதுன்னு உக்காந்து எண்ணிக்கீறான் பாரு’ என்றேன். ‘ஆமா, உன்னோட ஜெராக்ஸு. அதான் எனக்கு பேஜாரா கீது’ என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துப் பேப்பர் கட்டைப் பிரித்துத் திருத்த உட்கார்ந்துவிட்டாள். பிளஸ் டூ பிள்ளைகளின் பிசிக்ஸ் பேப்பரைத் திருத்துகிறவளிடம் அதற்குமேல் பேச முடியாது.

நான் டி.வி. கேம் விற்ற காலத்தை உனக்கு அரைகுறையாகத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன், நாளைப் பத்து மணிக்குள் உனக்கு அது தேவைப்படும். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கன்னியப்பன் அண்ணன் பொம்மைக் கடை. முன்னால் பந்து, கேரம் போர்டு, ஊதினால் சத்தம் போடுகிற ரப்பர் வாத்து. பின்னால் ஒரு மர அலமாரி நிறைய டி.வி. கேம். டி.வி.யோடு இணைக்கிற பெட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி. மேலே செருகுகிற விளையாட்டுக்குக் கேசட் என்று பெயர். பாட்டுக் கேசட் இல்லை, கையளவு பிளாஸ்டிக், உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு, அடியில் வரிசையாகச் செம்புக் காண்டாக்ட். அந்த அலமாரிக்குத்தான் நான். கடையில் எல்லாருக்கும் நான் ‘டிப்ளமோ’. என் பெயரை அங்கே யாரும் சொல்லிக் கேட்டதாக நினைவில்லை.

அந்தக் கடைக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்தக் கேசட்டையும் போட்டுக் காட்டாமல் கொடுக்கக் கூடாது. கல்லாப் பக்கத்தில் பதினாலு இஞ்ச் டி.வி. ஒன்று எப்போதும் ஓடும். வாங்க வந்தவர் எதிரில் கேசட்டைச் செருகி, ஓடுகிறதா என்று காட்டி, அவர் கையில் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து ஒரு ஆட்டம் ஆடவிட வேண்டும். ஓடினால் எடுத்துக்கொண்டு போகலாம், அதற்குப் பிறகு வாபஸ் கிடையாது. கன்னியப்பன் அண்ணன் காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்குக் காட்டிய கற்பூரத்தை அப்படியே கொண்டுவந்து அந்த டி.வி.க்கும் காட்டுவார். கேசட் ஓடவில்லையென்றால் கழற்றி வாயில் வைத்து ஊதுவார். ஊரே ஊதியது அப்போது. எச்சில் ஈரம் பட்டுக் காண்டாக்ட் கெடும் என்று எனக்குத் தெரியும், சொன்னால் யார் கேட்பார்கள்? மாமல்லபுரம், கோவளம் பக்கத்திலிருந்து ரிப்பேருக்கு வருகிற கேசட்டுகளில் உப்புக் காற்று ஏற்கெனவே வேலையைக் காட்டியிருக்கும், செம்பு முழுக்கப் பச்சை. நான் பென்சில் ரப்பரை எடுத்துத் தேய்த்துக்கொண்டிருப்பேன். ‘டிப்ளமோ, நீ தேய்ச்சிகினே இரு, நான் ஊதி ஓட்டிட்டேன் பாரு’ என்பார் அவர். ஓடவும் ஓடும். அந்த எரிச்சலை என்னவென்று சொல்ல.

ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு அங்கே சந்தோஷம்தான். சனி ஞாயிறுகளில் கல்லா முன்னால் நிற்க இடம் இருக்காது. ஒருவன் ஆட, இருபது பேர் ‘சுடு, சுடு’ என்று கத்துவார்கள். வெளியே திருக்கழுக்குன்றம் பஸ் கண்டக்டர் விசில் ஊதினால், ஆடிக்கொண்டிருப்பவன் ஜாய்ஸ்டிக்கை அடுத்தவன் கையில் திணித்துவிட்டு ஓடுவான். மீன்பிடித் தடைக்காலத்தில் ரிப்பேர் இரண்டு மடங்காகும். ஒரு தடவை மீனவக் குப்பத்திலிருந்து ஒருவர் ஜாய்ஸ்டிக்கோடு வந்தார். ‘அண்ணாத்த, இது பூட்ச்சி’ என்றார். ‘புள்ள ஒடச்சிட்டானா?’ என்றேன். ‘புள்ள எங்க தொட்டான், வுட்டாத்தானே’ என்றார். கடலுக்குப் போக முடியாத அப்பாக்கள் வீட்டில் உட்கார்ந்து ஆடியிருக்கிறார்கள், பிள்ளைகள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வரும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த அலமாரியில் அதிகம் விற்றது ஒரு மஞ்சள் கேசட். அட்டையில் 9999 விளையாட்டு என்று பெரிதாகப் போட்டிருக்கும். நான் சேர்ந்த முதல் வாரமே அதைச் செருகி, டி.வி.யில் வருகிற பட்டியலில் இரண்டு பக்கம் பார்த்தேன். ஏழு விளையாட்டு. பிறகு அதே ஏழு, வேறு வேறு பெயரில், பக்கம் பக்கமாக. இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஒரு பெருமை. கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன். ‘அட்டையில போட்டுக்கீதுல்ல, நீ எதுக்கு உள்ள பாக்குற?’ என்று கன்னியப்பன் அண்ணன் தலையில் அடித்துக்கொள்வார். அவர் பேராசைக்காரர், நான் நேர்மையானவன் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது நீ உன் மேனேஜரைப் பற்றி என்ன நினைக்கிறாயோ, அதேதான்.

அப்போது ஒரு நாள் மூன்று காலேஜ் பெண்கள் வந்தார்கள். அதில் ஒருத்தி உன் அம்மா. சஸ்பென்ஸ் வைப்பது எனக்குப் பிடிக்காது, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் வருஷம், மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். மஞ்சள் கேசட்டைக் காட்டி, ‘தம்பிக்கு அது ஒண்ணு குடுங்க’ என்றாள்.

‘அதுல ஏழுதான்’ என்றேன்.

‘இன்னாது?’

‘ஏழு கேம்தான் கீது. மீதியெல்லாம் அதே ஏழு, திரும்பத் திரும்ப. காலேஜ் படிக்கிற பொண்ணு, அட்டைய நம்பிகினு வந்துட்டியே’ என்று சொல்லிச் சிரித்தேன். அவளோடு வந்த இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். பந்து வாங்க நின்றிருந்தவர்கூடச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

‘ஏழுன்னு முழுசா பாத்தியா?’

‘ரெண்டு பக்கம் பாத்தேன். அதுக்கு மேல எதுக்கு?’

‘போட்டுக் காமி. போட்டுக் காட்டாம குடுக்கக் கூடாதுன்றதுதான இந்தக் கடை வழக்கம்?’

போட்டேன். ‘கீழ போ’ என்றாள். போனேன். ‘இன்னும் போ.’ முப்பத்தெட்டாவது வரியில் நிறுத்தச் சொன்னாள். பெயர் வேறு, ஆனால் அது முதல் வரியில் இருக்கிற அதே டேங்க் விளையாட்டு என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ‘அழுத்து’ என்றாள். அழுத்தினேன். டேங்க் வந்தது, ஆனால் நான் பார்த்திராத சுவர்கள், பார்த்திராத ஆறு. மூலையில் ஒன்பதாவது கட்டம் என்று எண் நின்றது. அதே விளையாட்டுதான். ஆனால் எடுத்ததும் ஒன்பதிலிருந்து ஆரம்பிக்கிறது.

‘எங்க குப்பத்துல ஆறு மணிக்கு வர்ற கரண்ட்டு ஆறரைக்குப் பூடும். திரும்ப வந்தா மொதல்லேர்ந்து ஆடணும். எந்தம்பி நாலாவது ஸ்டேஜிக்கு மேல பாத்ததே இல்ல. பக்கத்து வூட்டுக் கேசட்டுல இதைப் பாத்துட்டு வந்து என்னை அரிச்சிகினு கீறான். எனக்கு ஒம்போதாயிரமும் வேணாம், உன் ஏழும் வேணாம். இந்த முப்பத்தெட்டு வேணும். குடுக்கிறியா, இல்ல பாடம் எடுக்கிறியா?’

அந்தக் காலப் பெட்டியில் ஆடினதைச் சேமித்து வைக்க வழியில்லை. கரண்ட் போனால் எல்லாம் போச்சு. எங்கள் கடையில் இன்வெர்ட்டர் இருந்தது, டி.வி. அணைந்து நான் பார்த்ததே இல்லை. டிப்ளமோ படித்த எனக்கு மின்சாரம் ஒரு வாடிக்கையாளர் வீட்டில் எத்தனை நேரம் இருக்கும் என்ற கேள்வி தோன்றவே இல்லை. கேசட்டை மட்டும் பார்த்தேன், அது செருகப்படுகிற வீட்டைப் பார்க்கவில்லை. கன்னியப்பன் அண்ணன் எழுந்து வந்து அவரே காகிதம் சுற்றிக் கொடுத்தார். அவள் படி இறங்கியதும் என்னைப் பார்த்து, ‘நீ விக்கல, நீ தடுத்தும் அது வாங்கினு போச்சு. நோட் பண்ணிக்கோ’ என்றார். அவருக்கும் முப்பத்தெட்டு பற்றித் தெரியாது. ஆனால் தெரிந்ததுபோல் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்த வாரம் அவள் அடாப்டர் வாங்க வந்தாள். ‘கேசட்டு நல்லா கீது. ஆனா நீ இன்னும் சாரி சொல்லல’ என்றாள். ‘எதுக்கு? ஏழுன்றது உண்மைதான?’ என்றேன். ‘ஏழுக்கு யாரு கேட்டா? எல்லாரையும் வெச்சிகினு என்னைப் பாத்து சிரிச்சியே, அதுக்கு.’ கொஞ்ச நேரம் அடாப்டர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பிறகு, ‘சாரி. ஆனா ஏழுதான்’ என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கன்னியப்பன் அண்ணன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். இன்றைக்கும் குழம்பில் உப்பு கூடிப்போனால் அவள் அதே தொனியில், ‘சாரி. ஆனா கொழம்புதான்’ என்று சொல்வது உனக்குத் தெரியும். எங்கிருந்து வந்தது என்று இன்றைக்குத்தான் உனக்குத் தெரிகிறது.

அதற்குப் பிறகு நான் பொய் சொல்லி விற்க ஆரம்பித்தேன் என்று நினைக்காதே. ஏழு என்பதைக் கடைசி நாள்வரை சொன்னேன். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டேன். யார் ஆடப்போவது? உங்கள் வீட்டில் கரண்ட் எப்படி? பதிலைக் கேட்டுவிட்டு, ‘இதுல ஏழுதான் கீது, ஆனா உங்க பையன் முப்பத்தெட்டைப் போடட்டும், ரொம்பச் சின்னவன்னா மொத வரியே போதும்’ என்பேன். குப்பத்துப் பிள்ளைகள் எனக்கு ‘முப்பத்தெட்டு அண்ணன்’ என்று பெயர் வைத்தார்கள், டிப்ளமோவுக்கு அது தேவலை. ‘ஏழுன்னும் சொல்ற, விக்கவும் விக்கிற, இன்னா ஆளுடா நீ’ என்று கன்னியப்பன் அண்ணன் குழம்புவார். எனக்கு எல்லாவற்றிலும் அவசரம், கல்யாணத்திலும். நம்முடையது ஏரிப்பாசன நெல்லு வீடு, அவர்களுடையது படகில் மீன் பிடிக்கப் போகிற வீடு. இரண்டு பக்கமும் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கேசட்டுத் தம்பி மட்டும் மச்சான் மச்சான் என்று என் பின்னாலேயே சுற்றினான். அவன்தான் முட்டுக்காட்டில் படகு ஓட்டுகிற உன் மாமா. இதை அவனும் படித்துக்கொண்டிருக்கிறான். டேய், முப்பத்தெட்டை நீ முடிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஃபேக்டரியில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை வந்ததும் கடையை விட்டேன். அழவில்லை, வருத்தமும் இல்லை. சம்பளம் நன்றாக இருந்தது, வேலை எனக்குப் பிடித்தது, இப்போதும் பிடிக்கிறது. அந்தக் கடை இன்று மொபைல் கவர் விற்கிறது, நன்றாகவே ஓடுகிறது. நான் அந்தப் பக்கம் போனால் நின்று பெருமூச்சு விடுவதில்லை, டெம்பர் கிளாஸ் மாற்றிக்கொண்டு வருவேன். ஆனால் நீ உன் முதல் சம்பளத்தை வாங்கப்போவது பொம்மைக் கடையில், அதுவும் கேம் பகுதியில் என்று கேட்டபோது, எனக்கு உள்ளே ஒரு டி.வி. ஆன் ஆனதுபோல் இருந்தது. அதை அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ‘பஸ் பாஸ் எடுத்துக்கோ’ என்று மட்டும் சொன்னேன்.

சரி, நாளைய விஷயத்துக்கு வருவோம். உன் எண்பது சரியாகத்தான் இருக்கும். உனக்கு எண்ணத் தெரியும். ஆனால் அந்தப் பெண்மணி ஏன் அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தார் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அது அவர் வீட்டு நெட் பிரச்சினையாக இருக்கலாம், போனைப் பையன் கையிலிருந்து பிடுங்குகிற வழியாக இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் பெட்டியின் நிறமாகவும் இருக்கலாம். நீ கேட்கவில்லை. கேட்பதற்கு அரை நிமிஷம் ஆகும். நமக்கு அந்த அரை நிமிஷம் பொறுக்காது, அதுதான் நம் பரம்பரைக் கோளாறு.

எனவே நான் சொல்வது இது. நாளைக்குப் போ. போகாமல் இருந்தால் அந்தப் பெண்மணி மனதில் நீ எப்போதும் தன் பிள்ளையை அழவைத்தவனாகவே இருப்பாய், நீயும் அவரை அட்டையைப் பார்த்து ஏமாறுகிறவராகவே வைத்திருப்பாய். போய், எண்பதுக்கு மன்னிப்புக் கேட்காதே. ‘யாராவது வாங்குவாங்களா’ என்று சொன்னாயே, அதற்குக் கேள். முக்கியமாக அந்தப் பையனிடம் கேள், பிறந்தநாள் அவனுடையது. குனிந்து கேள், அவன் உயரத்துக்கு. பிறகு அந்த எண்பதில் நல்லது எது என்று அவனுக்குப் போட்டுக் காட்டு. உன் கடையில் அதற்கு டி.வி. இல்லாமல் இருக்கலாம், கை இருக்கிறதே. ஒன்று மட்டும் தனி. மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, இனிமேல் யார் கேட்டாலும் நானூறு இருக்கிறது என்று சொல்லச் சொன்னால், சொல்லாதே. அந்த இடத்தில் கார்டைக் கழற்றி மரியாதையாக அவர் கையில் கொடு, மேஜை மேல் வீசாதே, வந்துவிடு. மன்னிப்புக் கேட்பதும் பொய் சொல்வதும் ஒரே வேலை என்று நினைத்துத்தான் நீ கோவளத்து ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாய். இரண்டும் வேறு வேறு. எனக்கு அது தெரிய ஒரு அடாப்டர் விற்க வேண்டியிருந்தது.

அம்மா இதை முதலிலிருந்து படித்துவிட்டாள். ‘அவன் கையைப் புடிச்சிகினு கடைக்குள்ள பூந்துடாத’ என்றாள். நுழைய மாட்டேன். நாளைக்கு நான் செய்யப்போவது:

1. என் காலை ஷிப்டை மாற்றிக்கொண்டாகிவிட்டது. ஆறரைக்கு பைக்கை எடுப்பேன், திருப்போரூர் வழி. எட்டு மணிக்குக் கோவளம் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். இஸ்திரி போட்ட சட்டையில் வா.

2. உன்னை மால் வாசலில் ஒன்பதரைக்கு இறக்கிவிடுவேன். வழியில் அறிவுரை சொல்ல மாட்டேன், சொல்ல வேண்டியதெல்லாம் மேலே இருக்கிறது.

3. மாலுக்குள் வர மாட்டேன். எதிரில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்திருப்பேன்.

4. கார்டு உன் கழுத்தில் இருந்தால் உன் வேலை முடிகிறவரை காத்திருந்து, இல்லாவிட்டால் உடனே, உன்னை முட்டுக்காட்டுக்கு மாமா வீட்டில் சாப்பிடக் கூட்டிப்போவேன். தடைக்காலம், பெரிய மீன் இருக்காது, நெத்திலி என்று சொல்லியிருக்கிறான்.

5. நீ வெளியே வந்ததும் ‘இன்னா ஆச்சு’ என்று கேட்க மாட்டேன். நீயாகச் சொல்கிறவரை பொறுத்திருப்பேன். இந்த ஐந்தில் எனக்குக் கஷ்டமானது இதுதான்.